பின்சுவர்க் காவல்

இறால் கொட்டகையில் வேலை செய்யும் பெண்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி ஒட்டியதில்லை. ஆனாலும் அதை மீறியவள் கிடையாது. ஐஸ் கம்பெனியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஒதுங்கினால் இன்னொருத்தி சுவர் முனையில் காவல் நிற்க வேண்டும். ஆள் வந்தால் இருமிக் காட்ட வேண்டும். எது நடந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

கொட்டகையில் கழிப்பறை இல்லாமல் இல்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் வெள்ளை ஓடு பதித்து, கதவில் பெண் படம் வரைந்து, ஜம்மென்று ஒன்று இருந்தது. சாவி சூப்பர்வைசரின் இடுப்பில். வெளியூரிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் சுற்றிப் பார்க்க வரும் அன்று மட்டும் அதைத் திறந்து, புதுச் சோப்பு வைத்து, வாசனைத் தண்ணீரெல்லாம் தெளித்து வைப்பார். வந்தவர்கள் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் சோப்பு அலமாரிக்குள் போய்விடும். மற்ற நாட்களில் ஒன்று பின்சுவர், இல்லையென்றால் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பெரும்பாலானவர்கள் இரண்டாவதைப் பழகிக்கொண்டார்கள். காலையில் ஒரு வாய் டீ, அதோடு சரி. முழங்கை வரை ஐஸ் தண்ணீரில் ஊறிக்கொண்டு நாக்கு வறண்டு நிற்பார்கள். நீர்க்கடுப்பும் எரிச்சலும் அவர்களுக்குத் தும்மல் மாதிரி. அதையெல்லாம் யாரும் வியாதி என்று சொல்லிக்கொள்வதில்லை.

நெட்டை அந்தக் கொட்டகையின் பழைய ஆள். உயரமாக இருந்ததால் அந்தப் பேர். எல்லாருக்கும் சரியாக இருக்கும் மேஜை அவளுக்கு மட்டும் தாழ்வு. குனிந்து குனிந்து இறாலின் தலையைக் கிள்ளி, தோலை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட்டதில் நேராக நிற்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்குப் பின்சுவர் ஜோடி குயில். குயிலின் குரல் தகரத்தை ஆணியால் கீறினது போல இருக்கும். அதனால்தான் குயில் என்று பேர் வைத்தார்கள். கொட்டகைப் பெண்களின் குசும்பு அப்படி. அவளும் கோபித்துக்கொள்ளாமல், கூப்பிட்டால் "கூ" என்று வேறு பதில் கொடுப்பாள்.

பிறகு நெட்டையின் மகனுக்கே குயில் தன் மகளைக் கொடுத்தாள். சம்பந்தி ஆன பிறகும் வாடி போடிதான். மத்தியானச் சங்கு ஊதினதும் குயில் கையை உதறிக்கொண்டு வந்து, "சம்பந்தியம்மா, கொஞ்சம் தயவு பண்ணணும், எனக்கு அவசரம்" என்று கும்பிடுவாள். மேஜை முழுக்கச் சிரிப்பு அடங்க நேரமாகும்.

அந்தக் குயில் போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். மேஜையிலேயே சரிந்தாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ரத்தம் கொட்டியது. கர்ப்பப்பை வாயில் புற்று, எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டவுன் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். என்ன செய்துகொண்டிருந்தாள்? இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பெண்களைப் பார்க்கிற டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள் வருவார், அதுவும் மத்தியானம் வரைக்கும்தான். அங்கே போய்வர ஒரு நாள் வேலை போகும். வேலைக்கு வராதவளின் இடத்தில் மறுநாள் இன்னொருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

கடைசி நாட்களில் அவள் மகள் வீட்டுக்கு, அதாவது நெட்டையின் வீட்டுக்கு வந்து, முன்னறைக் கட்டிலில் கிடந்தாள். பேச்சு நின்றுபோயிற்று. இருமல் மட்டும் இருந்தது. கடைசியில் அதுவும் நின்றது.

அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். நெட்டைக்கு மட்டும் அது நிற்கவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரும்போதெல்லாம் முனையிலிருந்து அந்தக் கரகரத்த இருமல் கேட்டது. பதறி எழுந்து புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காது. ஐஸ் கம்பெனிக் குழாயிலிருந்து புகை போல ஆவி மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். கொட்டகை மேஜையில் குயில் நின்ற இடத்தில் யாரும் நிற்கவில்லை. அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று காரணம் சொன்னார்கள். தண்ணீர் எங்கேதான் தேங்கவில்லை?

குயில் போன சில நாட்களிலேயே நெட்டைக்குத் தீட்டு வந்தது. அது நின்று வருஷக்கணக்காகிவிட்டது. முதலில் ஒரு துளி. அப்புறம் நின்றது. அப்புறம் மறுபடி, கொஞ்சம் கூடுதலாக. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய துணிகளைக் கிழித்து வைத்துக்கொண்டாள். குயில் கூப்பிடுகிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். கூப்பிட்டால் போகவேண்டியதுதானே. அந்த நினைப்பில் அவளுக்குப் பயத்தைவிட ஒரு சோம்பல்தான் இருந்தது.

மருமகளும் அதே கொட்டகையில், இறாலைப் பெரிசு சிறிசு பார்த்துப் பிரிக்கும் மேஜையில் நின்றாள். சின்ன உருவம், அம்மாவைப் போலவே. அம்மா செத்த பிறகு பேச்சைக் குறைத்துவிட்டாள். மாமியார் தனியாகப் பின்சுவருக்குப் போவதைக் கவனித்துவிட்டு ஒருநாள் கூடவே எழுந்து வந்தாள்.

"ஏன் அத்தை தனியா போறீங்க? நான் நிக்கிறேன்."

"உனக்கு எதுக்குடி? என்னை எவன் பாக்கப் போறான்."

"நிக்கிறேன், போங்க."

அன்றைக்கு ஐஸ் வண்டிக்காரன் ஒருவன் அந்தப் பக்கமாக வந்தபோது மருமகள் இருமினாள். சுவருக்குப் பின்னால் நெட்டைக்கு மயிர் கூச்செறிந்தது. அதே கரகரப்பு. மகளுக்கும் அந்தத் தொண்டைதான் என்பது இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அப்புறம் தினமும் மருமகள்தான் காவல். அப்படி ஒரு நாள், மழை பிடிக்கப்போகிற மாதிரி கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், நெட்டை சுவருக்குப் பின்னால் போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலடி மணல் சிவந்திருந்தது. நிமிர்ந்தபோது மருமகள் எதிரே நின்றாள்.

"திரும்பினியா?"

"திரும்பினேன்."

"காவல் நிக்கிறவ திரும்பலாமாடி? உங்கம்மா உனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையா?"

மருமகள் மணலைப் பார்த்தாள். பிறகு காலால் மணலைத் தள்ளி அந்த இடத்தை மூடினாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தும் சண்டை ஓயவில்லை. நெட்டையின் மகன் ஐஸ் லாரியோடு வெளியூர் போயிருந்தான். வீட்டில் இவர்கள் இருவர்தான். மருமகள் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, கைகளை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். எத்தனை தேய்த்தாலும் இறால் வாடை போகாது.

"எத்தனை நாளா இருக்கு?"

"இப்பத்தான். சூடு. ரெண்டு நாள்ல நின்னுடும்."

"துணி மூட்டைய நான் பாத்துட்டேன் அத்தை. கட்டிலுக்கு அடியில."

"என் கட்டிலுக்கு அடியில உனக்கு என்ன வேலை?"

"அது எங்கம்மா படுத்திருந்த கட்டில். அதுக்கு அடியிலதான் அவங்களும் வச்சிருந்தாங்க. படுத்தப்புறம்தான் நான் பாத்தேன். அதான் குனிஞ்சு பாத்தேன்."

குயிலும் அங்கேதான் வைத்திருந்தாள் என்பது நெட்டைக்குப் புதுச் செய்தி.

"இந்த வாரம் டாக்டரம்மா வர்ற அன்னிக்கு டவுனுக்குப் போறோம்" என்றாள் மருமகள்.

"ரெண்டு பேரும் போனா ரெண்டு எடமும் போயிடும். அடுப்பு எரியணும்ல?"

"போனாப் போகட்டும்."

"பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. உன் புருஷன்கிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நீங்க வரலைன்னா இப்பவே சொல்றேன், கொட்டகை முழுக்கச் சொல்றேன். மேஜை மேல ஏறி நின்னு சொல்றேன்."

செய்வாள். குயிலின் ரத்தம். நெட்டைக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு மருமகள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு நீங்கதானே காவல் நின்னீங்க?"

"நான்தான். அவ கொட்டகைக்கு வந்த நாள்லேர்ந்து."

"ஒருநாள்கூடத் திரும்பினதில்லையா?"

"திரும்பக் கூடாதுடி. அது ஒரு மரியாதை. நமக்கு இருக்கிற மறைப்பு அது ஒண்ணுதான்."

மருமகள் சோற்றைக் கிளறினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று நெட்டை காலையில் டீகூடக் குடிக்கவில்லை. பஸ்ஸில் போக வேண்டும், தெரியாத இடம், எங்கே ஒதுங்குவது? முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்தியிருந்தாள். மருமகளும் அப்படித்தான். வெளியே கிளம்புகிற அன்று கொட்டகைப் பெண்கள் எல்லாரும் செய்வது அது. கதவைப் பூட்டுகிற மாதிரி ஒரு பழக்கம், யோசித்துச் செய்வதில்லை.

டாக்டரம்மா சின்ன வயசுதான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வாசல் வரைக்கும் வரிசை நின்றது.

"மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷமாச்சு?"

நெட்டை சொன்னாள்.

"இப்ப எத்தனை நாளா ரத்தம் போகுது?"

"ரெண்டு வாரமா."

"பொய் சொல்றாங்க டாக்டர்" என்றாள் மருமகள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, திட்ட மாட்டேன். சொல்லுங்க."

நெட்டை மருமகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இவ அம்மா செத்த மறுவாரத்துலேர்ந்து. அவளுக்கும் இப்படித்தான் வந்துச்சு. அவதான் கூப்பிடுறா போல, போவோம்னு இருந்துட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "செத்தவங்க யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். மேஜையில் படுக்க வைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அப்புறம் ஸ்கேன் அறைக்குப் போகச் சொன்னார்.

ஸ்கேன் அறையில் நின்ற அம்மாள் நெட்டையின் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்ததுமே எடுத்துவிட்டாள்.

"ஒண்ணுமே தெரியலையே. தண்ணி குடிச்சீங்களா?"

"இல்லைங்க. சொட்டுக்கூடக் குடிக்கலை" என்று நெட்டை பெருமையாகச் சொன்னாள். நல்ல பிள்ளையாக வந்திருக்கிறோம் என்று அவளுக்கு எண்ணம்.

"ஐயோ, மூத்திரம் முட்டிக்கிட்டு நின்னாத்தாம்மா கர்ப்பப்பை தெரியும். எறங்குங்க. வயிறு முட்டக் குடிங்க. அடக்க முடியாம வர்றப்ப சொல்லுங்க. மெஷின் மத்தியானம் வரைக்கும்தான்."

இப்படி ஒரு கூத்தை நெட்டை தன் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆயுசெல்லாம் குடிக்காமல் இருக்கப் படித்தவளைப் பார்த்து, குடித்துவிட்டு அடக்கு என்கிறார்கள். வராந்தாக் குழாயடியில் மருமகள் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக் கொடுத்தாள். முதல் வாயே தொண்டையில் இறங்க மறுத்தது. குடிக்கக் குடிக்க நெட்டைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாட்டிலை வாயிலிருந்து எடுக்கும் போதெல்லாம் எங்கேயோ யாரோ இருமினார்கள். ஆஸ்பத்திரி, இருமுவதற்கு ஆளுக்கா பஞ்சம்? ஆனாலும் அவள் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க யாரும் இல்லை அத்தை. குடிங்க."

பெஞ்சில் அவளைப் போலவே பெண்கள் வரிசையாகக் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒருத்தி. வீட்டு வேலைக்குப் போகிற ஒருத்தி. வயிறு தள்ளின இளம்பெண் ஒருத்தி.

"உங்களுக்கு வந்துடுச்சாக்கா?" என்றாள் சூளைக்காரி.

"எங்க வருது? கிணத்துல ஊத்தின மாதிரி போகுது."

"எங்க சூளையிலயும் எடம் கிடையாது. அடக்கி அடக்கிப் பழகி, இப்ப வான்னாலும் வர மாட்டேங்குது. புருஷன் மாதிரி."

பெஞ்சே குலுங்கியது. "சிரிக்க வைக்காதீங்கக்கா, சிரிச்சேன்னா எல்லாம் போச்சு" என்று வயிற்றுப்பிள்ளைக்காரி கெஞ்சினாள். நெட்டைக்கும் சிரிப்பு வந்தது. குயில் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்தபடியே அழுகையும் வந்துவிட்டது. இந்த இடத்தில் குயில் இருந்திருந்தால் பெஞ்சையே தூக்கி நிறுத்தியிருப்பாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. ஸ்கேன் அம்மாள் வெளியே வந்து, மிச்சப்பேர் அடுத்த வாரம் வாங்க என்றாள். மருமகள் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"இவங்களைப் பாத்துட்டுப் பூட்டுங்க."

"வழி விடும்மா. நானும் காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை."

"தெரியுதுங்க. நாங்களும் அப்படி இருக்கிறவங்கதான். இன்னிக்கு விட்டா இவங்களை நான் மறுபடி இழுத்துட்டு வர முடியாது. எங்கம்மாவை இப்படித்தான் விட்டேன்."

அவள் கத்தவில்லை. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. ஸ்கேன் அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரையும் உள்ளே வரச் சொன்னாள். நெட்டைக்கு அப்போதுதான் முட்டிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தது.

மறுவாரம் முடிவு தெரிந்துகொள்ளப் போனார்கள். அதற்குள் கொட்டகையில் மருமகளின் இடத்தில் ஒருத்தி நின்றுவிட்டாள். நெட்டையின் இடத்திலும்தான். குயிலின் இடம் மட்டும் காலியாக இருந்தது. அங்கே வேண்டுமானால் நில் என்றார் சூப்பர்வைசர். மருமகள் போய் நின்றாள். தேங்கின தண்ணீரில், அம்மாவின் பழைய பூட்ஸோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார்.

"புற்றுதான்மா. மறைச்சுச் சொல்லலை. ஆனா ஆரம்பம்தான். கர்ப்பப்பைக்குள்ளயே நிக்குதுன்னு தெரியுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், இன்னும் ஒரு தடவை படம் எடுத்துப் பாத்துட்டு கர்ப்பப்பைய எடுத்துடுவாங்க. நல்லா ஆகிடுவீங்க. உங்களை மாதிரி நேரத்துல வர்றவங்க எங்களுக்கு அபூர்வம். உங்க மருமகளுக்குத்தான் நன்றி சொல்லணும்."

சாவதற்குத் தயாராக இருந்தவளுக்கு, பிழைப்பாய் என்று சொன்னால் உடனே சந்தோஷப்படத் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். மருமகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள் அவள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நெட்டை சுவரைப் பிடித்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தாள். கண் வறண்டிருந்தது.

"நேரத்துல வந்தா பொழச்சுக்கலாமா?" என்றாள் மருமகள்.

"டாக்டரம்மா அப்படித்தானே சொன்னாங்க."

"அப்ப எங்கம்மாவும் பொழச்சிருக்கலாம்ல?"

நெட்டையிடம் பதில் இருந்தது. அவளுக்கு வேற வியாதி, இடம் வேற, விதி வேற. எதைச் சொன்னாலும் மருமகள் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போய்ச் சோறும் வைப்பாள்.

"பொழச்சிருக்கலாம்" என்றாள் நெட்டை.

"உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"பாக்கலைடி. சத்தியமாத் திரும்பலை. வாடை வந்துச்சு. ரொம்ப நாளா வந்துச்சு. இறால் வாடைன்னு நெனச்சுக்கிட்டேன்."

"இறால் வாடை உங்களுக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து அதுலதானே கெடக்குறீங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

"கேட்டா அவ சொல்லிடுவாளோன்னு பயம். சொன்னா நான் ஏதாவது செய்யணும். என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியலைடி. அதான் கேக்கலை."

மருமகள் அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் கோபம்கூட இல்லை. கோபமாக இருந்திருந்தால் நெட்டைக்குத் தாங்கியிருக்கும். பிறகு எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டாள். பஸ் போயிடும், வாங்க என்றாள். கீழே இறங்கும்போது கையைப் பிடித்துத்தான் இறக்கினாள். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கே விட்டாள்.

அன்றிலிருந்து மருமகள் வாயில் அத்தை என்ற சொல் வரவில்லை. சாப்பிடுங்க, மாத்திரை போடுங்க, துணியைக் கழட்டிப் போடுங்க என்று மொட்டையாகத்தான் பேச்சு. கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், படிக்கட்டில் பேசினதைத் தவிர. பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்தவளும் அவள்தான். வரிசையில் நின்றாள், திட்டு வாங்கினாள், திட்டவும் செய்தாள். ராத்திரியில் முன்னறைக் கட்டிலில் நெட்டை புரண்டால் உள்ளறையிலிருந்து எழுந்து வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அது அம்மாவா மகளா என்று நெட்டைக்கு அந்த இருட்டில் பிடிபடாது.

ஆபரேஷன் அன்று நெட்டையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். நர்ஸ் வந்து, இவங்களோடு யார் வந்திருப்பது என்று கேட்டாள். மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். மருமகள் முன்னால் வந்தாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? பொண்ணா? மருமகளா?"

மருமகள் நெட்டையைப் பார்த்தாள். நெட்டையும் படுத்தபடியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகக் கத்தியைக்கூட மறந்துவிட்டுக் காத்திருந்தாள்.

"கூட வந்திருக்கேன்" என்றாள் மருமகள்.